பச்சை வயரின் மறுமுனை

அரசலாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே
சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கிறது சொல்தா ஞானுவின் படகு.
வற்றம்.
பாயைச் சுருட்டிக் கட்டியாயிற்று.
ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள்;
அதற்குள் எர்த் வயர் முழுவதும் மாற்ற வேண்டும்.
இந்தக் கரையில் இடிக்குத் தெரிகிற உயரம் மூன்றுதான்:
கலங்கரை விளக்கம், மாதா கோயில் கோபுரம், இந்தப் பாய்மரம்.
முதல் இரண்டுக்கும் அரசாங்கமும் ஆண்டவரும் பொறுப்பு.

நான் வயல்காட்டு எலெக்ட்ரீசியன்.
அம்பகரத்தூர், நல்லம்பல், சேத்தூர்ப் பக்கம்
போர் மோட்டாருக்குக் குழி வெட்டி
கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி
குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி
பூமியைச் சம்மதிக்க வைப்பது என் தொழில்.
இங்கே உப்பை யாரும் சுமக்க வேண்டாம்.
தினம் இரண்டு வேளை தானே வருகிறது,
தின்றுவிட்டுப் போகிறது.

எஞ்சின் ரூம் என்பது பேச்சுக்கு.
முதலில் தலை, பிறகு ஒரு தோள்,
பிறகு மூச்சை விட்டுவிட்டு மறு தோள்.
டீசலும் செத்த நண்டும் கலந்த வாடை.
பச்சை உறையைக் கத்தியால் கீறினேன்.
உள்ளேயும் பச்சை.
செம்பு இருந்த இடத்தில் களிம்பு,
விரலில் திருநீறாய் உதிர்ந்தது.
வெண்கல வால்வை நகத்தால் சுரண்டினால்
ஈறு மாதிரி இளஞ்சிவப்பு.
துத்தநாகக் கட்டி மட்டும்
நாய் விட்டுப்போன எலும்பாய்த் தொங்கியது.
அது சாகத்தான் வைத்தது,
செத்திருக்கிறது. குறை சொல்ல முடியாது.

மேலே பாய்மரத்தடியில்
மீட்டரோடு உட்கார்ந்திருந்தாள் வெரோனிக்.
"இப்போ?"
"இல்லண்ணே."
"இப்போ?"
"ஒண்ணும் காட்டல."

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
தண்ணீர்த் தொட்டி தாண்டி
படுக்கைப் பலகைக்குப் பின்னால்
கை மட்டும் நுழைகிற இடுக்கில்
அது முடிந்திருந்தது,
எதிலும் சேராமல்.
நாலு விரல் தள்ளி கீல் போல்ட்.
முனையில் கறுப்பு டேப் மூன்று சுற்று.
அடுத்தவன் உரிக்க லேசாக இருக்கட்டும் என்று
நுனியை மடித்து
ஒரு காது விட்டிருந்தது.

அந்தக் காதை நான்தான் விடுவேன்.
இந்தப் பக்கத்தில் வேறு யாரும் விடுவதில்லை.

இந்தப் படகா?
அப்போது நீல பெயிண்ட், வேறு பெயர், நாகூர் முதலாளி.
லக் ஒன்று குறைந்தது. கடை மூடியாயிற்று.
கடைசி பஸ் ஒன்பதேகாலுக்கு.
நாளைக்கு வந்து முடிக்கிறேன் என்று
எனக்கு மட்டும் சொல்லிவிட்டு
முழுக்கூலியும் வாங்கினேன்.
நாளைக்கு நல்லம்பலில் டிரான்ஸ்பார்மர் போயிற்று.
அந்த நாளை
பதினோரு வருடம் இந்த இடுக்கில் இருந்திருக்கிறது.

எத்தனை மின்னல் இந்த மரத்தை எட்டிப் பார்த்ததோ,
கீழே இறங்க வழியுண்டா என்று.
எவரெவரோ இந்தப் பலகையில் படுத்துத் தூங்கினார்கள்,
தலைமாட்டில் என் டேப்போடு.

புது வயர் ஈயம் பூசியது.
இழை இழையாய்ப் பிரித்தால் கல்யாணப் பாத்திரத்தின் உட்புறம்.
லக்கை நசுக்கினேன். இழுத்துப் பார்த்தேன்.
மறுபடி இழுத்தேன்.
போல்ட் தலையை உப்புத்தாளில் தேய்த்து
வெளுத்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ?"
"சைபர் புள்ளி ரெண்டு! நல்லதாண்ணே?"
நல்லது என்று வாயில் வரவில்லை.
"சேந்துடுச்சு" என்றேன்.

ஏற்றம் தொடங்கியிருந்தது.
அடியில் சேறு சப்புக் கொட்டியது,
படகு மெல்ல நிமிரப் பார்த்தது.
அறுத்துப்போட்ட வயர்க்குவியலைக் காலால் புரட்டிய சொல்தா
டேப் சுற்றிய துண்டில் நின்றார்.
"எந்தப் பய செஞ்சது இது?"

"நான்தான் முசியே."

பர்சை மூடினார்.
கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். திறந்தார்.
வயர் விலையை மட்டும் எண்ணி வைத்தார்.
"மத்த முனையெல்லாம் பாத்தியா?"
"பாத்தேன்."
"இன்னொருக்கா பாரு."

டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.
முதலில் தலை,
பிறகு ஒரு தோள்.